அறையும் திரையும்

“எத்தனை அங்குலம்?”

ஒருவர் புதிதாகத் தொலைக்காட்சி வாங்கினார் என்று கேள்விப்பட்டவுடன் இக்காலத்தில் எழுகின்ற முதல் வினா இதுவேயாம். படம் தெளிவோ, ஒலி நன்றோ, விலை யாதோ என்னும் வினாக்கள் பின்னே வருவன. சில சமயம் வராமலே போவன. விடை 32 என்று வருமாயின் கேட்டவர் முகம் சற்றே சுருங்குகின்றது. 55 என்று வருமாயின் மலர்கின்றது. மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரிப்பார்போல நம்மவர் திரையின் அங்குலத்தை விசாரிக்கின்றனர். அத்திரையை எத்தனை அடி அறையில் வைக்கப் போகின்றீர் என்று கேட்பாரை யான் இதுகாறும் கண்டிலேன்.

கேட்க வேண்டிய வினா அதுவென்பது என் கருத்து. அறையை அளந்த பின்னரே திரையைத் தெரிதல் வேண்டும். முறை மாறி நடப்பதனால் உண்டாகும் நட்டம் பணத்தோடு நிற்பதில்லை. வீட்டிற் படிக்கின்ற பிள்ளை இருப்பின் அந்த நட்டத்தில் அதற்கும் ஒரு பங்குண்டு. அதைப் பின்னர்க் கூறுவேன்.

வன்னியில் இன்று அறை என்பது யாது? போருக்குப் பின்னர் நம் பகுதியில் எழுந்த வீடுகளிற் பல இந்திய அரசின் வீட்டுத்திட்டத்தால் எழுந்தவை. 2012ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடக்கிலும் கிழக்கிலும் தொடங்கிய அத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா வழங்கப்பட்டது. வீட்டின் பரப்பு 550 சதுர அடி. அதற்குள் படுக்கையறை, முன்னறை, அடுக்களை என்பன யாவும் அடங்க வேண்டும். முன்னறைக்குப் பத்தடிக்குப் பத்தடி கிடைத்தாற் பெரிது. அவ்வறை பகலில் வந்தாரை இருத்தும் கூடம். மாலையிற் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. பாய் விரித்தால் இரவிற் படுக்கையறை. அரிவிவெட்டு முடிந்த காலத்தில் நாலைந்து நெல்மூட்டைகளும் ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளும். இத்தனைக்கும் நடுவே தொலைக்காட்சியும் வந்து இடங் கேட்கின்றது.

அது வந்தமை சிறிய செய்தியன்று. இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கியது. ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் வந்தது. மாங்குளத்துக்கு வடக்கே கொக்காவிலில் அதன் அஞ்சல் நிலையம் நின்றது. 1990இல் நடந்த சண்டையில் அந்நிலையம் அழிந்தது. மின்சாரமும் போயிற்று. அதன்பின் பல ஆண்டுகள் இங்கே ஒரு படம் பார்ப்பதாயின் மின்பிறப்பாக்கி ஒன்றும், வாடகைப் பெட்டி ஒன்றும், முற்றம் நிறைந்த சனமும் வேண்டும். அந்த வாடகைப் பெட்டி 21 அங்குலத்துக்கு மேற்படாது. பின்வரிசையில் நின்றவனுக்குக் கதாநாயகனின் மீசை தெரிந்ததோ என்பது ஐயம். ஆயினும் கதை விளங்கிற்று. 2011இல் கொக்காவிலில் ஏறக்குறைய 170 மீற்றர் உயரமான புதிய கோபுரம் திறக்கப்பட்டது. மின்கம்பங்களும் ஊருக்கு ஊர் வந்து சேர்ந்தன. ஆகவே ஒட்டுசுட்டானில் ஒரு வீட்டினுள்ளே திரை ஒளிர்கின்றதென்றால், அதற்குப் பின்னே இருபது ஆண்டு இருட்டு உண்டு. இழந்ததை மீளப் பெறுபவர் பெரிதாகப் பெற விரும்புதல் இயல்பு. அவ்விருப்பத்தை எள்ளுவதற்கு யான் இதனை எழுதவில்லை.

பெட்டி என்றேன். இன்று கடையில் இருப்பது பலகை. அதனைப் பெட்டி என்று சொல்லலாமோ என்று மாணாக்கர் ஒருவர் கேட்டார். எள்ளின் நெய்யே எண்ணெய். ஆயினும் தேங்காயெண்ணெய் என்கின்றோம், வேப்பெண்ணெய் என்கின்றோம். மண்ணெண்ணெயில் எள்ளும் இல்லை, நெய்யும் இல்லை. அதனால் விளக்கு எரியாமற் போகவில்லை. பொருள் மாறியபோதும் பெயர் நிற்றல் மொழியின் வழக்கு. எனவே கட்டுரைப் பயிற்சியில் ‘தொலைக்காட்சிப் பெட்டி’ என்று எழுதிய பிள்ளைக்குச் சிவப்பு மையாற் கோடிட வேண்டியதில்லை. (சிவப்பு மை என்பதும் அத்தகையதே. மை கருமையன்றோ?)

நிற்க. பழைய பெயரால் தீங்கில்லை. அளவு பற்றிய பழைய எண்ணத்தால் தீங்குண்டு. கடையில் அங்குலம் என்று கூறப்படுவது ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு இழுத்த மூலைவிட்டம். பழைய பெட்டியில் அகலமும் உயரமும் நாலுக்கு மூன்று என்ற விகிதத்தில் இருந்தன. புதிய பலகையில் அவை பதினாறுக்கு ஒன்பது. ஆதலின் பழைய 21ஐயும் புதிய 32ஐயும் எண்ணளவில் ஒப்பிடுதல் பொருந்தாது. பைதகரசின் தேற்றம் படித்த மாணாக்கன் இதனைத் தானே கணித்துக்கொள்வான். 32 அங்குலப் பலகையின் அகலம் 28 அங்குலம், உயரம் 15.7 அங்குலம். 43 அங்குலப் பலகை 37.5 அகலமும் 21 உயரமும் உடையது. 55 அங்குலப் பலகையோ 48 அகலமும் 27 உயரமும் உடையது. முப்பத்திரண்டிலிருந்து ஐம்பத்தைந்துக்குப் போகும்போது எண் இரண்டு மடங்குகூட ஆவதில்லை. திரையின் பரப்போ ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகின்றது. பத்தடிச் சுவரில் நாலடி அதற்கே போய்விடும். எஞ்சிய ஆறடியில் ஒரு வாயிலும் ஒரு யன்னலும் இருக்கின்றன என்பதைக் கடையில் நின்று நினைப்பார் அரியர்.

எண்ணைக் கேட்டு மனத்தால் அளத்தல் பலர்க்கும் கூடாத காரியம். அதற்கு எளிய வழி ஒன்றுண்டு. பழைய செய்தித்தாள்களை ஒட்டி, வாங்க எண்ணிய பலகையின் அகல உயரத்துக்கு வெட்டி, அது நிற்கப்போகும் இடத்தில் மூன்று நாள் சுவரில் ஒட்டி வைக்கலாம். மூன்றாம் நாள் அக்காகிதம் வீட்டாரை உறுத்துகின்றதா, இல்லையா என்பது தெரிந்துவிடும். செலவு ஒரு பிடி பசை.

இனித் தூரம். ஜப்பானிய ஒலிபரப்புக் கழகத்தார் 1964ஆம் ஆண்டுத் தோக்கியோ ஒலிம்பிக் விழாவின் பின்னர், அதுவரை இருந்ததிலும் நுண்ணிய படத்தைத் தரும் தொலைக்காட்சியைப் பற்றி ஆராயத் தொடங்கினர். அவ்வாராய்ச்சியின் வழியே பிறந்த நுண்படத் தொலைக்காட்சி, திரையின் உயரத்தைப்போல மூன்று மடங்கு தூரத்தில் இருந்து பார்ப்பதற்கென வகுக்கப்பட்டது. பழைய முறைப் படத்துக்கு ஆறு மடங்கு தூரம் வேண்டும் என்பது முன்னோர் வழக்கு. காரணம் கண்ணில் உள்ளது. நல்ல கண்ணானது ஒரு பாகையின் அறுபதில் ஒரு கூறுவரையே பிரித்தறியும். அதனினும் நுண்ணியவை ஒன்றாய்க் கலந்து தோன்றும். வரிகள் தடித்த பழைய படத்தை அருகிலிருந்து பார்த்தால் வரி தெரியும்; விலகி இருந்தால் வரி மறைந்து உருவம் தெரியும். நுண்படத்தில் வரிகள் மிகுதி. ஆதலின் அருகே செல்லலாம்.

இக்கணக்கை நம் பத்தடி அறைக்குப் பொருத்துவோம். பலகை நிற்கும் மேசைக்கு ஓரடி கழிக. எதிர்ச்சுவரோடு சேர்த்துப் போட்ட கதிரையில் இருப்பவரின் கண், சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னே இருக்கும், அதனையும் கழிக. எஞ்சியது ஏழரை அடி, அதாவது 90 அங்குலம். மூன்றாற் பிரித்தால் 30 வரும். 27 அங்குல உயரமுள்ள 55 அங்குலப் பலகையும் அவ்வறைக்குப் பொருந்தும் என்றாகின்றது. ஆறாற் பிரித்தால் 15 வரும். 32 அங்குலப் பலகையே ஒரு மயிரிழை மிகை என்றாகின்றது. அறை ஒன்று, கதிரை ஒன்று, கண் ஒன்று, விடையோ இரண்டு. எந்த விடையைக் கொள்வது என்பது அத்திரையில் எந்தப் படம் வந்து விழப்போகின்றது என்பதைப் பொறுத்தது.

அதற்குள் செல்லுமுன் ஓர் அச்சத்தை அகற்றிவிடுதல் நன்று. அருகிலிருந்து பார்த்தாற் கண் கெடும் என்று பாட்டிமார் கூறுவர். சில ஆசிரியர்களும் கூறுகின்றனர். அவ்வச்சத்துக்கு ஒரு காலத்தில் காரணமிருந்தது. 1967இல் அமெரிக்காவில் ஜெனரல் எலக்றிக் நிறுவனத்தின் பெரிய வண்ணத் தொலைக்காட்சிகள் சிலவற்றிலிருந்து எக்ஸ் கதிர் அளவுக்கு மிஞ்சிக் கசிந்தமை கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அங்கு அதற்கெனச் சட்டமும் பிறந்தது. அவை உயர் மின்னழுத்தக் குழாய்களைக் கொண்ட பெட்டிகள். தட்டைப் பலகையில் அக்குழாயே இல்லை. நெடுநேரம் பார்த்தாற் கண் களைக்கும், உலரும். அது நூலை நெடுநேரம் பார்த்தாலும் நேர்வது. ஆகவே பெரிய திரை கண்ணைக் கெடுக்கும் என்ற வாதத்தை யான் துணைக்கு அழைக்கவில்லை. பிள்ளை திரைக்கு மிக அருகே போய் நின்று பார்க்குமாயின் திரையைக் குறை கூறாது பிள்ளையின் கண்ணை வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

இனி, வந்து விழும் படம் யாது? நம் நாட்டு வான்வழி ஒளிபரப்பு பால் எனப்படும் முறையில் அமைந்தது. அதில் கண்ணுக்குத் தெரியும் வரிகள் 576. டிஷ் வழியாக நம் வீடுகளுக்கு வரும் தமிழ் அலைவரிசைகளிலும் பல இன்னும் இந்த அளவிலேயே வருகின்றன. எண்முறையில் எழுதினால் குறுக்கே 720 புள்ளி, நெடுக்கே 576 புள்ளி; பெருக்கினால் நாலு இலட்சத்துப் பதினையாயிரம் புள்ளிக்குச் சற்றுக் குறைவு. கடையில் ‘நாலு கே’ என்று புகழப்படும் பலகையில் உள்ள புள்ளிகளோ குறுக்கே 3,840, நெடுக்கே 2,160. பெருக்கினால் ஏறக்குறைய எண்பத்து மூன்று இலட்சம். வந்ததைப்போல இருபது மடங்கு. வந்த புள்ளி ஒன்று. பலகையில் நிரம்ப வேண்டிய இடம் இருபது. எஞ்சிய பத்தொன்பதையும் யார் கொடுப்பார்? பலகையே கொடுக்கின்றது. அயலிலுள்ள புள்ளிகளைப் பார்த்து, இடையே இன்னது இருந்திருக்கலாம் என்று ஊகித்து இட்டு நிரப்புகின்றது.

உரைமரபு அறிந்தார்க்கு இஃது எளிதில் விளங்கும். மூலத்திற் சொல்லாது விட்டதை உரையாசிரியர் வருவித்து உரைப்பர். சொல்லெச்சம் என்றும் குறிப்பெச்சம் என்றும் அதற்கு இலக்கணமுண்டு. நல்லுரையாசிரியர் ஒரு சொல்லை வருவிப்பர். அச்சொல் அங்கே முன்னரே இருந்ததுபோல அமையும். ஒரு சொல் மூலத்தில் இருக்கப் பத்தொன்பது சொல்லைத் தாமே வருவித்து, இதுவே புலவன் கருத்து என்பாரை நாம் யாதென்போம்? விலை உயர்ந்த பலகைகள் இவ்வேலையை ஓரளவு திறமையாகச் செய்கின்றன; கூந்தலுக்குக் கூந்தலும் ஓலைக்கு ஓலையும் ஊகித்துப் போடுகின்றன. மலிந்தவை முகத்தில் மெழுகு பூசி விடுகின்றன. செய்தி வாசிப்பவர் நாற்பது வயதினராயின் அவருக்கு வயதே தெரியாது. ஆனால் திரையின் அடியில் ஓடும் எழுத்தைப் பாருங்கள். அங்கே கள்ளம் வெளிப்பட்டுவிடும்.

தமிழெழுத்தில் முதலில் அழிவது புள்ளி. மெய்யெழுத்தின் தலைமேல் நிற்கின்ற அச்சிறு பொட்டு, மங்கிய படத்தைப் பெரிதாக்கும்போது எழுத்தின் உடலோடு கரைந்துவிடும். புள்ளி போனால் மெய் உயிர்மெய் ஆகும்; ‘பட்டம்’ என்பது ‘படடம’ ஆகும். அடுத்து இகர ஈகாரச் சுழிகள் ஒன்றோடொன்று மயங்கும். ஆங்கில எழுத்தைக் காட்டி, பார்த்தீர்களா எத்தனை தெளிவு என்று கடைக்காரர் கூறுவார். அவ்வெழுத்துப் பெரும்பாலும் நேர்கோடும் வளைவுமாக இருப்பதால் தப்பிவிடும். தமிழ் வாசகர்க்கு யான் கூறும் சோதனை இதுவே: கடையில் மலர்களும் மீன்களும் நீந்துகின்ற விளம்பரப் படத்தை நிறுத்தச் செய்து, ஒரு சாதாரண தமிழ்ச் செய்தியைப் போடச் சொல்லுங்கள். ஏழரை அடி பின்னே போய் நின்று அடிவரியின் புள்ளிகளை எண்ணுங்கள். புள்ளி தெரியும் பலகை நல்ல பலகை.

இணைய இணைப்பு விரைவாக உள்ள வீட்டில் நிலைமை வேறு. யூரியூப் வழியாக நுண்படம் கிடைக்கும். அங்கே 43 அங்குலம் வாங்குவாரை யான் தடுக்கேன். ஆனால் அவரும் நாலு கேக்கென்று மேலதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. 43 அங்குலப் பலகையிற் குறுக்கே 1,920 புள்ளி இருந்தாலே, ஐந்தரை அடிக்கு அப்பால் ஒரு புள்ளியை மற்றதிலிருந்து கண் பிரித்தறியாது. ஏழரை அடியில் இருப்பவர்க்கு 3,840 புள்ளி இருந்தென்ன, இல்லாதொழிந்தென்ன?

அண்மையில் இளைய ஆசிரியர் ஒருவர் வேண்டிக்கொள்ள அவருடன் கிளிநொச்சிக்குச் சென்று ஒரு கடையில் ஏறினேன். விற்பனையில் நின்ற பையன் நல்ல மரியாதையானவன்.

“சேர், பெரிசா எடுங்கோ. இப்ப எல்லாரும் அம்பத்தைஞ்சுதான் எடுக்கினம்.”

“தம்பி, சேர் வீட்டு முன்னறை எவ்வளவு எண்டு கேட்டீரோ?” என்றேன்.

“அது எங்களுக்கு என்னத்துக்கு ஐயா?” என்று அவன் சிரித்தான். அவன் கூறியதிலும் நியாயமுண்டு. அறை அவன் விற்கும் பொருளன்று.

யான் அக்கடையின் தரையிற் குந்தியிருந்து பக்கவாட்டிற் பார்த்தேன். சுற்றி நின்றார் வியந்தனர். வியப்பதற்கு ஒன்றுமில்லை. நம் வீடுகளில் பலகைக்கு நேர் எதிரே கதிரையில் இருப்பவர் ஒருவர். மற்றையோர் பாயில் இருப்பர், வாசற்படியில் இருப்பர், அடுக்களை வாயிலிற் சாய்ந்து நிற்பர். சிறிய அறையில் கூட்டம் பக்கவாட்டிலேயே பரவும். பலகைகளில் இருவகை உண்டு. வி.ஏ. என்னும் வகை நேரே பார்ப்பவர்க்குக் கருமையைக் கருமையாகக் காட்டும். பக்கத்திலிருந்து பார்ப்பவர்க்கு வெளிறும். ஐ.பி.எஸ். என்னும் வகையில் இருட்டு சற்றுச் சாம்பல் நிறமாயினும் எப்பக்கத்திலிருந்து பார்த்தாலும் முகம் முகமாகவே தெரியும். இராக்காலத்தில் விளக்கணைத்துத் தனியே படம் பார்க்கும் செல்வர்க்கு முன்னையது ஏற்கும். வாசல் திறந்து, வெயில் உள்ளே வந்து, அயல்வீட்டுப் பிள்ளைகளும் வந்திருக்கும் வன்னி வீட்டுக்குப் பின்னையதே ஏற்கும் என்பேன். அந்த வேற்றுமை பெட்டியின் அட்டையில் எழுதப்பட்டிராவிடினும் தரையிற் குந்தினால் தெரிந்துவிடும்.

உயரத்தைப் பற்றியும் ஒரு சொல். பலகையைக் கூரைக்கு அருகே ஆணியடித்து மாட்டும் வழக்கம் பரவி வருகின்றது. தேநீர்க்கடையில் நின்றபடி பார்ப்பார்க்கு அது தகும். பாயில் இருப்பவர் அண்ணாந்து பார்த்தல் வேண்டும். சில வீடுகளிற் சாமிப்படத்துக்கும் மேலே பலகை ஏறிவிட்டது. அண்ணாந்து பார்ப்பதற்கு அங்கே முன்னரே வேறொருவர் இருந்தார் என்பதை மறந்தனர் போலும். இருக்கின்றவர் கண்மட்டத்துக்குத் திரையின் நடு வருவதே கழுத்துக்கு இதம்.

இவை யாவற்றினும் யான் பெரிதாகக் கருதுவது ஒலி. படம் வளர வளர ஒலி தேய்ந்தது என்பதே தட்டைப் பலகையின் வரலாறு. பழைய பெட்டி ஆழமுடையது. ஒலிபெருக்கி முன்முகமாக நம்மைப் பார்த்துப் பேசிற்று. பலகையின் தடிப்பு இரண்டு மூன்று விரல். அதனுள்ளே சிறிய ஒலிபெருக்கிகள் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ வைக்கப்படுகின்றன. பேச்சு சுவரில் மோதித் திரும்பி நம் செவிக்கு வருகின்றது. தமிழில் லகர ளகர ழகரங்களை வேறுபடுத்தி ஒலிப்பார் முன்னரே குறைந்துவிட்டனர். ஒழுங்காக ஒலிப்பவர் ஒருவர் வாய்த்தாலும் அவ்வேறுபாட்டைப் பலகை விழுங்கிவிட்டால் நம் பிள்ளைகள் அதனை எங்கே கேட்பர்? வகுப்பில் ஓர் ஆசிரியர் நாளொன்றுக்கு ஐந்து பாடவேளை சொல்லித் தருவதை மாலையில் ஒரு மோசமான ஒலிபெருக்கி அழித்துவிடக் கூடும். முதியோர்க்கோ செய்தி விளங்காது, ஒலியைக் கூட்டுவர், ஒலி கூடும், சொல் கூடாது. பெரிய திரைக்குக் கொடுக்கவிருந்த மேலதிகப் பணத்தில் ஒரு சிறு பகுதியைத் தனி ஒலிபெருக்கி ஒன்றுக்குக் கொடுத்தால் வீட்டுக் கிழவர் உள்ளளவும் வாழ்த்துவர்.

மின்சாரம் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. 32 அங்குல எல்.ஈ.டி. பலகைக்கு முப்பது முதல் ஐம்பது வாற்று வேண்டும். பழைய குழாய்ப் பெட்டியினும் இது குறைவு. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி முழங்கும்போது மின்செருகியையும் டிஷ் கம்பியையும் இரண்டையும் கழற்றி வைத்தல் வேண்டும். ஒன்றைக் கழற்றி மற்றதை விட்டார் இழந்தார். வயலொட்டுச் சுட்டதனால் இவ்வூர் ஒட்டுசுட்டான் என்று பெயர் பெற்றது என்பர். அறுவடை முடிந்த காலத்துப் புகையும் தூசும் பலகையின் பின்துளைகளிற் படியும். மெல்லிய துணியாற் துடைத்தல் போதும், நீர் தெளித்தல் ஆகாது. திரை ஒருமுறை வெடித்தால் அதனை மாற்றுதல் புதிது வாங்குதற்கு ஒப்பாகும். சிறுவர் பந்தடிக்கும் வீட்டார் இதனை நினைவிற் கொள்க.

இனிப் பணம். தவணை முறையில் எல்லாம் கிடைக்கின்றது. மாதம் ஒரு சிறு தொகைதானே என்கின்றனர். வெளிநாட்டிலிருக்கும் தம்பியோ மச்சானோ காசனுப்பிப் பெரிதாக வாங்கச் சொல்வதும் உண்டு; ரொறன்ரோவில் அவர் இருக்கும் கூடத்தின் அளவை நினைந்து கூறுகின்றாரேயன்றி, இங்குள்ள முன்னறையை அவர் அளந்து பார்த்ததில்லை. காசனுப்பாதோர் கடன் எடுக்கின்றனர். கடன் நம் பகுதியிற் செய்த கொடுமை புதிதன்று. வறட்சியால் வருந்திய மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசே அறிவிக்க நேர்ந்தது. அக்கடன்கள் தொலைக்காட்சிக்கென்று பட்டவையல்ல; பயிருக்கும் மருந்துக்கும் பிள்ளைச் செலவுக்கும் பட்டவை. அத்தகைய கடனைக் கண்ட வீட்டிலே, ஏழரை அடியிற் கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளுக்காக மற்றொரு தவணைப் புத்தகம் ஏன் வரவேண்டும்?

“பிள்ளையின் படிப்புக்காக வாங்குகின்றோம்” என்று ஒரு விடை வருவதுண்டு. இதனை யான் இலேசாகத் தள்ளேன். 2020இல் பெருந்தொற்றுக் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது கல்வி அமைச்சு தொலைக்காட்சியிற் பாடம் நடத்திற்று. நேத்ரா அலைவரிசையிற் தமிழ்ப் பாடங்கள் வந்தன. கைத்தொலைபேசியும் இணையமும் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் சிலர்க்கு அன்று கரும்பலகையாக இருந்தது இந்தப் பலகையே. ஆனால் அதற்கும் பெரிய திரை வேண்டியதில்லை என்பதைக் கணக்குக் கூறுகின்றது. ஒரு பாடப் பக்கத்திற் பன்னிரண்டு வரி இருக்குமாயின் 32 அங்குலப் பலகையில் ஒரு வரிக்கு ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் இடங் கிடைக்கும். ஏழரை அடியிலிருந்து படிப்பதற்கு அது தாராளம். பள்ளியிற் பின்வாங்கில் இருக்கும் மாணாக்கனுக்குக் கரும்பலகை எழுத்து அதனினும் சிறிதாகவே தோன்றும்.

படிப்பை உண்மையிற் கருதுவோர் முதலில் அளக்க வேண்டியது மேசையை. இரண்டடிக்கு மூன்றடி மேசை ஒன்று, ஒரு கதிரை, இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் தரும் ஒரு விளக்கு. இம்மூன்றுக்கும் அந்தப் பத்தடி அறையில் இடங் கண்டபின் எஞ்சிய சுவரிற் பலகை நிற்கட்டும். யான் பார்த்த வீடுகளிற் பல இதற்கு மாறாக உள்ளன. நாலடிப் பலகை நடுச்சுவரைப் பிடித்துக்கொள்ள, மேசை அடுக்களை வழியிலே தள்ளப்பட்டிருக்கின்றது. அல்லது மேசையின்மேற் பலகை ஏறியிருக்கின்றது. பிள்ளை பாயிற் குப்புறப் படுத்துக்கொண்டு கணக்குச் செய்கின்றது. தலையை நிமிர்த்தும்போதெல்லாம் கண்முன்னே அசைகின்ற படம். பத்தடி அறையில் 55 அங்குலத் திரைக்கு மறைவான மூலை ஒன்றுமில்லை. சிறிய திரைக்கு உண்டு: கதிரையைத் திருப்பிப் போட்டால் அது பார்வையினின்றும் விலகிவிடும். ‘படிப்பில் மனம் செல்லவில்லை’ என்று பெற்றோர் எம்மிடம் வந்து முறையிடும்போது, வீட்டு மேசை எங்கே இருக்கின்றது என்று யான் கேட்பது இதனாலேயே. அவர்கள் அவ்வினாவைச் சற்று வேடிக்கையாகவே எண்ணுகின்றனர்.

பத்தடி அறைக்கு 32 அங்குலம் போதும். இணையமும் வசதியும் உடையார்க்கு 43 எல்லை. இது என் முடிபு. அவ்விளைய ஆசிரியர் 32 வாங்கினார். கடைப் பையன் ஒரு கையால் அதனைத் தூக்கி முச்சக்கரவண்டியில் வைத்தான். நாலைந்து கிலோவுக்கு மேல் அதில் எடையில்லை. 55 அங்குலப் பலகையாயின் பதினைந்து கிலோவரையில் இருக்கும். இருவர் பிடிக்க வேண்டும், சுவரில் ஒருமுறை பொருத்தினாற் பின் அசையாது. அவருடைய மூத்த மகள் வரும் ஆண்டு சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றுகின்றாள். பரீட்சைக்கு முந்திய இரண்டு மாதமும் பலகையை இறக்கி, துணி சுற்றி, அலுமாரிக்கு மேலே வைத்துவிடலாம் என்று தாயார் இப்பொழுதே கூறியிருக்கின்றார்.